மீசை இருந்தால் மறுபடி உருட்டலாம்

நாலே நாலு பக்கம். அதையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அதற்குப் போய், கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்று, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற ஆண்கள் ஊர் ஊராக ஒப்பாரி வைத்தார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், வருஷக்கணக்காகத் தன் கையால் வர்ணம் தீட்டிய பொம்மைப் படையை நெருப்பு வைத்துக் கொளுத்தி அதை வீடியோ எடுத்து உலகத்துக்கே போட்டுக் காண்பித்தார். 2015 ஜூலையில் நடந்தது இது. அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் உண்டு. பிறகு யோசித்துப் பார்த்ததில், கொளுத்தியவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் அவர் கூட்டாளிகள் சொன்ன நியாயம் அல்ல. அது வேறு.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்று ஒரு கம்பெனி. மேஜை மேல் ஆடும் யுத்த விளையாட்டு விற்பதுதான் தொழில். அவர்கள் 1983-இல் கொண்டுவந்த ஆட்டத்துக்கு வார்ஹாமர் என்று பெயர். பூதம், குள்ளர், எலி மனிதர், எலும்புக்கூட்டு ராஜா, இவர்களெல்லாம் சண்டை போடுகிற ஒரு கற்பனை உலகம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே வீரன் இருக்க மாட்டான். அவன் கையும் காலும் தலையும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, பிசிறு சீவி, பசை போட்டு ஒட்டி, நாலைந்து கோட் வர்ணம் அடித்து, கண்ணில் கருவிழி வைக்க வேண்டும். வீரன் உயரம் உங்கள் கட்டைவிரலைத் தாண்டாது. இப்படி நூறு, இருநூறு பேர். அப்புறம்தான் ஆட்டம். ஆறடிக்கு நாலடி மேஜை, இன்ச் டேப், கை நிறையப் பகடை. உங்கள் குதிரைப்படை எட்டு இன்ச் நகரும், என் வில்லாளி முப்பது இன்ச் தூரம் எய்வான், பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஒரு ஆட்டம் ஒரு சாயங்காலத்தைத் தின்றுவிடும்.

பெரியவர்கள் பொம்மை வைத்து விளையாடுவதா என்று சிரிக்கிறீர்களா? மூன்று மணி நேரம் டி.வி. முன்னால் உட்கார்ந்து மாமியார் மருமகள் சண்டையைப் பார்ப்பதைவிட இது மோசமில்லை. இதிலாவது நம் கையில் ஒரு படை இருக்கிறது.

இந்த ஆட்டத்தின் விதிகள் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தன. 2010-இல் வந்த எட்டாவது பதிப்பு, கதையும் படமும் சேர்த்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல். தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கலாம், அவ்வளவு தடிமன். அதோடு உங்கள் படைக்கு ஒரு தனிப் புத்தகம் வாங்க வேண்டும். வரிசையாக அணிவகுத்து நிற்கும் படைப்பிரிவு எப்படித் திரும்பும், பக்கவாட்டில் இடித்தால் என்ன, பின்பக்கம் இடித்தால் என்ன, பயந்து ஓடுகிறவன் எத்தனை இன்ச் ஓடுவான் என்று எல்லாவற்றுக்கும் ஷரத்து. புதிதாக ஒரு பையன் கடைக்குள் வந்தால், அவன் முதல் சண்டையைப் போடுவதற்குள் அப்பாவின் பர்ஸும் அவனுடைய பொறுமையும் காலியாகிவிடும். வியாபாரம் படுத்தது. படுக்காமல் என்ன செய்யும்?

கம்பெனி என்ன செய்தது தெரியுமா? அந்த உலகத்தையே அழித்தது. நிஜமாகத்தான். 2014-இலும் 2015 தொடக்கத்திலும் வரிசையாகப் புத்தகம் போட்டு, கதைப்படி அந்தக் கற்பனை பூமியைச் சுக்குநூறாக்கி, முப்பத்திரண்டு வருஷ ஆட்டத்தை மூடிவிட்டு, ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ என்று புது ஆட்டம் ஆரம்பித்தது. அதற்குத்தான் அந்த நாலு பக்க விதி. அணிவகுப்பு கிடையாது. சதுரப் பீடத்தில் தோளோடு தோள் நின்ற வீரர்களுக்கு இனி வட்டப் பீடம். எப்படி வேண்டுமானாலும் சிதறி நிற்கலாம். யாரை எதற்குள் எத்தனை கொண்டுவரலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. உங்களிடம் எத்தனை இருக்கிறதோ, மேஜையில் எத்தனை கொள்ளுமோ, கொண்டுவாருங்கள்.

உடனே இரண்டு கட்சி. ஒரு கட்சி, “அப்பாடா” என்றது. பத்து வருஷமாகப் பெட்டியில் தூங்கிய பொம்மைகளை எடுத்துத் தூசு தட்டி, ஒன்பது வயது மகளோடு ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்த்த அப்பாக்கள் அதில் உண்டு. வர்ணம் அடிக்க மட்டும் வாங்கி, விதிப்புத்தகத்தைப் பார்த்து மிரண்டு, ஒரு தடவைகூட ஆடாதவர்கள் உண்டு. கதைக்காக ஆடுகிறவர்கள் உண்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்கு நல்ல கதை கிடைத்தால் போதும். இவர்கள் சந்தோஷம் பொய்யில்லை.

இன்னொரு கட்சி, “குழந்தை விளையாட்டாக்கிவிட்டார்கள், மூளைக்கு வேலையில்லை, எல்லாம் போச்சு” என்றது. இருபது வருஷம் கற்ற வித்தை ஒரே நாளில் செல்லாக்காசு ஆன கோபம். வக்கீலுக்கு, ‘இனி சட்டம் நாலே பக்கம்தான், யார் வேண்டுமானாலும் வாதாடலாம்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

இரண்டு கட்சியும் எளிமை நல்லதா கெட்டதா என்றே அடித்துக்கொண்டன. அந்தச் சண்டையே தப்பு என்பதுதான் என் கட்சி. நாலு பக்கமாகச் சுருக்கியது குற்றமில்லை. சுருக்குகிற சாக்கில் தராசைத் தூக்கிக் கடாசிவிட்டார்கள். அதுதான் குற்றம்.

தராசு என்றால் என்ன? சதுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் பிறந்த சதுரங்கம்தான் பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா போய் செஸ் ஆனது. 1780-இல் ஜெர்மனியில் ஹெல்விக் என்பவர் அந்த செஸ் பலகையை ஆயிரக்கணக்கான கட்டமாகப் பெரிதாக்கி, பீரங்கி, ஆறு, மலை எல்லாம் சேர்த்து யுத்த விளையாட்டு செய்தார். அதிலிருந்து கிளைத்த குடும்பம்தான் இந்த வார்ஹாமரும். ஆக, நமக்கு ரொம்ப தூரத்து உறவு.

சதுரங்கத்தில் விதிகள் மாறாமலா இருந்தன? 15-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஐரோப்பாவில், குறுக்கே ஒரே கட்டம் நகர்ந்துகொண்டிருந்த மந்திரியை எடுத்து, பலகை முழுக்க வெறிபிடித்து ஓடுகிற ராணி ஆக்கினார்கள். நம் ஊர் ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போவான். ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாண்டலாம். இந்த இந்திய விதியில் கற்றுத் தேர்ந்த பஞ்சாபி சுல்தான் கான், 1929-இல் இங்கிலாந்து போய், வெள்ளைக்கார விதியில் ஆடி, அந்த வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932-இலும் 1933-இலும் மறுபடியும். விதி மாறியதற்காக அவர் பலகையைக் கொளுத்தவில்லை. ஏன் என்றால், எந்த விதியில் ஆடினாலும் அந்தப் பக்கம் பதினாறு, இந்தப் பக்கமும் பதினாறு. ஆட்டம் ஆரம்பிக்கும்போது ராஜாவும் ஏழையும் சமம்.

வார்ஹாமரில் அந்தச் சமம் கிடையாது. என் படையில் நூறு எலிகள், உங்கள் படையில் இரண்டு டிராகன். எப்படிப் பொருத்துவது? அதற்குத்தான் புள்ளிக்கணக்கு. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு விலை; எலிக்குச் சில புள்ளி, டிராகனுக்குச் சில நூறு புள்ளி. ‘இன்றைக்கு இரண்டாயிரம் புள்ளி ஆட்டம்’ என்று இருவரும் பேசிக்கொண்டால் போதும். ஊர் பேர் தெரியாதவரோடுகூட ஆடலாம். விலை எப்போதும் சரியாக இருந்ததா என்றால், இல்லை. கோணல் தராசுதான். ஆனால் தராசு என்று ஒன்று இருந்தது. பேரம் பேச ஒரு இடம் இருந்தது.

2015-இன் நாலு பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை. பதிலாக என்ன வைத்தார்கள் தெரியுமா? தலை எண்ணுவது! எதிராளியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் பொம்மைகள் உங்களிடம் இருந்தால், குறைவாக வைத்திருப்பவர் பாவம் என்று அவருக்கு ஒரு சலுகை. சில நிபந்தனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை முடித்தால் அவருக்கே வெற்றி. ‘ஆறு சுற்று முடியும்போது என் ஆள் ஒருவனாவது உயிரோடு இருந்தால் போதும்’ என்பது அதில் ஒன்று. கேட்க இரக்கமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் பத்து டிராகன் கொண்டுவருகிறார். எதிரே ஒரு பையன் பதினாலு சுண்டைக்காய்க் காப்ளின்கள் வைத்திருக்கிறான். விதிப்படி, பத்தைவிடப் பதினாலு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். ஆகவே, டிராகன்காரர்தான் நசுக்கப்படுகிற சிறுபான்மை. சலுகை அவருக்கு! அவருடைய பத்து டிராகனில் ஒன்று பிழைத்தால் ஜெயம்.

இதை நாலு பேர் உட்கார்ந்து படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இது போதாதென்று, பழைய படைகளுக்கு வெளியிட்ட புதுக் குறிப்புகளில் கிண்டல் வேறு. கர்ட் ஹெல்போர்க் என்று ஒரு மீசைக்கார தளபதி. எதிராளியைவிட உங்களுக்குப் பெரிய, கம்பீரமான மீசை இருந்தால், அவனுடைய தப்பிய வெட்டுகளுக்குப் பகடையை மறுபடி உருட்டலாம்! இன்னொரு பிரபுவுக்குக் கற்பனைக் குதிரையோடு பாவனை பண்ணிக் காட்டினால் சலுகை. நகைச்சுவைதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்த விதி வந்திருந்தால் மதுரைக்காரர்கள் உலக சாம்பியன். ஆனால் அந்த மேஜைக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வாள்? மீசை முளைக்காத பன்னிரண்டு வயதுப் பையன்? ‘எல்லோருக்காகவும் எளிமையாக்கினோம்’ என்கிற விதி, மீசை இல்லாதவரையெல்லாம் இரண்டாம் தரமாக்குகிறது. எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் இதே மாதிரி பொம்மை யுத்தத்துக்கு ‘லிட்டில் வார்ஸ்’ என்று விதிப்புத்தகம் எழுதியபோது, இது பன்னிரண்டு முதல் நூற்றைம்பது வயது வரையிலான பையன்களுக்கும், பையன்கள் விளையாட்டை விரும்பும் புத்திசாலிப் பெண்களுக்கும் என்று தலைப்பிலேயே போட்டார். நூறு வருஷத்துக்குப் பிறகு பார்த்தால் அந்தத் தாத்தாவே பரவாயில்லை போலிருக்கிறது.

வெல்ஸ் விதிகளும் சின்னதுதான். காலாட்படை ஓரடி நகரும், குதிரை இரண்டடி. பீரங்கி சுட வேண்டுமானால் ஆறு இன்ச்சுக்குள் அதன் ஆட்கள் குறைந்தது நாலு பேர் இருக்க வேண்டும். பட்டதா இல்லையா என்று சந்தேகமே கிடையாது. ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரத்துண்டு வைத்து நிஜமாகவே சுடுவார்கள், விழுந்தவன் செத்தான். சுருக்கம் என்றால் இது. வாய்ச்சண்டைக்கு இடம் வைக்காத சுருக்கம்.

நாலு பக்கத்தை ஆதரித்தவர்கள் சொன்ன பதில் ஒன்று உண்டு. அதைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. “புள்ளியெல்லாம் எதற்கு? இரண்டு பேரும் பெரிய மனிதர்கள்தானே, ஆட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசி, நியாயமாகப் பட்டதை வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! எழுதிய விதி வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

ஐயா, பேசித் தீர்த்தால் யார் ஜெயிப்பார்கள்? பேசத் தெரிந்தவர் ஜெயிப்பார். இருபது வருஷமாக அந்தக் கிளப்புக்கு வருகிறவர், எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், அலமாரி நிறைய டிராகன் வைத்திருப்பவர் ஜெயிப்பார். முதல் நாள் வந்திருக்கிற கூச்ச சுபாவக்காரன், “சார், உங்களிடம் ரொம்ப பலமான ஆட்கள் இருக்கிற மாதிரி தெரிகிறது, இரண்டைக் குறைத்துக்கொள்வீர்களா?” என்று கேட்பானா? கேட்க மாட்டான். ஆடுவான். முக்கால் மணி நேரத்தில் மொத்தமும் அள்ளி வாரப்படுவான். சிரித்துக்கொண்டே பொம்மைகளைப் பெட்டியில் அடுக்குவான். அடுத்த வாரம் வர மாட்டான். இரண்டாயிரம் புள்ளி என்று ஒரு எண் இருந்திருந்தால் அவன் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த எண் அவனுக்காகப் பேசியிருக்கும்.

இது புதுக் கதையும் இல்லை. யுத்த விளையாட்டின் பிறந்தகமான பிரஷ்யாவில் இதே நாடகம் ஏற்கெனவே நடந்து முடிந்தது. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்கிற இளம் அதிகாரி, தன் அப்பா தொடங்கிய யுத்த விளையாட்டைத் திருத்தி ராணுவத்துக்குக் கொடுத்தார். நிஜமான வரைபடம், பகடை, பட்டியல், நடுவில் ஒரு அம்பயர். எதிரி எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியாது, அம்பயருக்குத்தான் தெரியும். தலைமைத் தளபதி முஃப்லிங் சலிப்போடுதான் பார்க்க உட்கார்ந்தார். பார்த்து முடித்தபோது, இது விளையாட்டில்லை, யுத்தப் பள்ளிக்கூடம் என்று குதித்தார். படை முழுவதற்கும் சிபாரிசு செய்தார். (ரைஸ்விட்ஸ் 1827-இல் தன்னையே சுட்டுக்கொண்டு செத்துப்போனார். அது தனிச் சோகம்.)

நாளாக நாளாக, பட்டியல் பார்த்துப் பகடை உருட்டி மாளவில்லை என்று ராணுவத்தில் முணுமுணுப்பு. ஒரு துப்பாக்கிச் சூட்டுக்குக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். 1876-இல் வெர்தி து வெர்ன்வா என்ற ஜெனரல், பகடையும் வேண்டாம் பட்டியலும் வேண்டாம், அனுபவசாலி அம்பயர் ஒருவர் பார்த்து, ‘நீ ஜெயித்தாய், நீ தோற்றாய்’ என்று சொல்லிவிட்டால் போதும் என்று புத்தகம் எழுதினார். எளிமையோ எளிமை. ஆட்டம் பறந்தது. அவர் போன்ற மேதை அம்பயராக இருந்தால் அருமையான பாடமாகவும் இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் யோசியுங்கள். பட்டியல் இருந்தவரை ஒரு லெப்டினன்ட், “பகடையில் ஆறு விழுந்திருக்கிறது, என் குதிரைப்படை தப்பிவிட்டது” என்று கர்னலிடம் சொல்ல முடியும். பகடைக்கு ராணுவத்தில் பதவி கிடையாது. பட்டியல் போன பிறகு அவன் எதைக் காட்டி வாதாடுவான்? அம்பயர் எப்போதும் அவனைவிட மூத்தவர். அவர் சொன்னால் சொன்னதுதான். விதி குறைந்த இடத்தில் விடுதலை வரும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பல இடத்தில் வந்தது பெரியவர் வாக்குதான். நம் கூட்டுக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

இப்படிச் சொல்வதால் நான் பழைய பெருசுகள் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கும் இரண்டு குட்டு வைக்க வேண்டும். கஷ்டமாக இருந்தால்தான் ஆழம் என்பது ஒரு மூடநம்பிக்கை. 1979-இல் அமெரிக்காவில் எஸ்.பி.ஐ. என்ற கம்பெனி, இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கச் சண்டையை வைத்து ஒரு ஆட்டம் போட்டது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம். பத்து பேர் வேண்டும். ஒவ்வொரு விமானிக்கும் தனிக் கணக்கு. இத்தாலியப் படைக்கு மட்டும் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்க வேண்டும், மக்ரோனி வேகவைக்க! அந்த மக்ரோனியை வடிவமைப்பாளர் கிண்டலாகத்தான் நுழைத்தார். கஷ்டத்தைக் கும்பிடுகிறவர்களோ அதையும் சிரத்தையாகக் கழித்துக் கணக்கெழுதத் தயார். வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஞ்சு மணி நேரம் என்று வைத்தால் ஆறு வருஷம் ஆகும். அதற்குள் நிஜச் சண்டையே முடிந்துவிட்டது.

பழைய வார்ஹாமரிலும் பாதி விதி இப்படிக் குப்பைதான். ஐந்நூறு பக்கத்தை நூறாக்கியிருந்தால் ஒருவரும் அழுதிருக்கக் கூடாது. ‘நாங்கள் கஷ்டப்பட்டுக் கற்றோம், நீயும் கஷ்டப்படு’ என்பது ராகிங் மனோபாவம். அதற்கு என்னிடம் அனுதாபம் இல்லை.

ஆனால் ஒன்று. அந்தப் பெருசுகள் வாயால் சொன்னது எளிமைக்கு எதிர்ப்பு. காலால் காட்டியது வேறு. கோபித்துக்கொண்டு கிளம்பியவர்கள் எங்கே போனார்கள்? ஒரு கூட்டம், ‘ஒன்பதாவது யுகம்’ என்று தாங்களே பழைய பாணியில் ஒரு விதிப்புத்தகத்தை எழுதி இலவசமாகவே வெளியிட்டது. சரி, அவர்கள் கனமான புத்தகப் பிரியர்கள். ஆனால் இன்னொரு பெரிய கூட்டம் ‘கிங்ஸ் ஆஃப் வார்’ என்கிற ஆட்டத்துக்குப் போனது. அது பழைய வார்ஹாமரைவிட எவ்வளவோ எளிய ஆட்டம்! ஒவ்வொரு வீரனாகச் சாகடித்து எடுத்துவைக்கிற வேலைகூட அதில் இல்லை. படைப்பிரிவு மொத்தமும் ஒரே கட்டை மாதிரி நகரும், ஒரே கட்டையாகச் சிதறும். ஆனால் அணிவகுப்பு உண்டு. புள்ளிக்கணக்கு உண்டு. ஆக, ‘எளிமை வேண்டாம்’ என்று சொல்லிக் கிளம்பியவர்கள் இன்னும் எளிமையான வீட்டில்தான் குடியேறினார்கள். அவர்கள் தேடியது தராசு. அவர்களுக்கே அது தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

புது ஆட்டத்தில் தங்கிவிட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் சில வாரத்திலேயே தாங்களாகப் புள்ளிப் பட்டியல் தயாரித்தார்கள். ஒரு வருஷம் கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது. 2016 ஜூலையில் ‘ஜெனரல்ஸ் ஹேண்ட்புக்’ என்று மெல்லிசாக ஒரு புத்தகம் போட்டு, அதில் புள்ளியைத் திரும்பக் கொண்டுவந்தது. நாலு பக்க விதி அப்படியேதான் இருந்தது; தராசு மட்டும் திரும்பி வந்தது. ஆட்டம் பிழைத்துக்கொண்டது. 2016 மே மாதம் முடிந்த நிதியாண்டில் சுமார் 118 மில்லியன் பவுண்டாக இருந்த கம்பெனியின் வரவு, அடுத்த ஆண்டு 158 மில்லியன். எல்லாம் புள்ளியின் புண்ணியம் என்று நான் அளக்க மாட்டேன். நிர்வாகத்திலும் ஆள் மாறியிருந்தது. முந்தைய தலைவர், ‘நாங்கள் சந்தை ஆய்வெல்லாம் செய்வதில்லை, மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதில்லை, எங்கள் மாதிரி தனி ரகத் தொழிலுக்கு அது வீண்’ என்கிற தோரணையில் ஆண்டறிக்கையிலேயே எழுதியவர். புதியவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். காது கொடுத்ததும் முதலில் விழுந்தது புள்ளி என்கிற சத்தம்தான்.

2017-இல் தங்கள் இன்னொரு ஆட்டமான வார்ஹாமர் 40,000-க்கும் இதே அறுவை சிகிச்சை. அது விண்வெளி, டாங்கி, துப்பாக்கி வகை. டாங்கிக்கு முன்பக்கக் கவசம், பக்கவாட்டுக் கவசம் என்கிற கணக்கையெல்லாம் வெட்டி எறிந்து, அடிப்படை விதியைச் சில பக்கங்களில் அடக்கினார்கள். வெடிகுண்டு விழுந்த இடத்தில் வைத்து அளக்கிற பிளாஸ்டிக் வட்டமும் போயிற்று. அங்கேயும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் யாரும் படையைக் கொளுத்தவில்லை. முதல் நாளே புள்ளிப் பட்டியல் கூடவே வந்திருந்தது.

2023-இல் அதே ஆட்டத்தின் பத்தாவது பதிப்பில், மறுபடியும் எளிமை என்று சொல்லிக்கொண்டு தராசில் கை வைத்தார்கள். முன்பு ஒரு வீரனுக்குப் பெரிய துப்பாக்கி கொடுத்தால் அதற்குத் தனிப் புள்ளி. இப்போது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரே விலை. கூட்டல் கணக்கு சுலபமாகிவிட்டது, உண்மை. பத்து வருஷம் முன்னால் ஆசையாகச் சின்னக் கத்தியோடு ஒட்டிவைத்த வீரன் கதி என்ன? பீரங்கி தூக்கியவனுக்குக் கொடுக்கிற அதே விலையை அவனுக்கும் கொடுக்க வேண்டும். பசை போட்டு ஒட்டியாயிற்று. கையைப் பிய்க்க முடியுமா? ஓட்டலில் சாதா தோசைக்கும் மசால் தோசைக்கும் ஒரே விலை போட்டால் பில் எழுதுவது சுலபம்தான். சாதா தோசை சாப்பிடுகிறவனைக் கேட்டால்தான் தெரியும்.

இதில் ஒரு வியாபார ரகசியமும் இருக்கிறது. ரகசியம் என்ன, காலண்டரைப் பார்த்தாலே தெரியும். வார்ஹாமர் 40,000-க்குப் புதுப் பதிப்பு 2017, 2020, 2023. ஏஜ் ஆஃப் சிக்மாருக்கு 2015, 2018, 2021, 2024. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் விதி நன்றாகிவிட்டது என்பார்கள். எளிமை என்று தொடங்குவார்கள். அப்புறம் ஒரு இணைப்புப் புத்தகம், அதற்கு ஒரு திருத்தம், திருத்தத்துக்கு ஒரு விளக்கம். நாலு பக்கம் மெல்ல மெல்லத் தொந்தி போடும். ஊதிப்போனதும், “ரொம்பச் சிக்கலாகிவிட்டது, எளிமையாக்குகிறோம்” என்று மறுபடி ஒரு அறிவிப்பு. சிக்கலையும் அவர்களேதான் விற்றார்கள், சிக்கெடுக்கிற சீப்பையும் அவர்களேதான் விற்கிறார்கள். லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளில் ஒன்றாக 2024 டிசம்பரில் இது இடம் பிடித்தது என்றால் சும்மாவா?

இருபது ஓவர் கிரிக்கெட் வந்தபோது நம் ஊரிலும் பழசுகள் முகம் சுளித்தார்கள். ஆனால் அங்கேயும் பக்கத்துக்குப் பதினோரு பேர்தான். பேசிப் பார்த்துப் பதினைந்து பேரை இறக்குங்கள் என்று யாரும் சொல்லவில்லை. தவிர, டெஸ்ட் மேட்ச்சை யாரும் பூமியோடு வெடிக்க வைக்கவில்லை. விரும்புகிறவர்கள் அஞ்சு நாளும் வெயிலில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்தப் பூமியும் திரும்பி வந்துவிட்டது. 2024 ஜனவரியில் ‘வார்ஹாமர்: தி ஓல்ட் வேர்ல்ட்’ என்று பழைய ஆட்டத்தை, பழைய பாணி அணிவகுப்போடு, அதே கம்பெனியே மறுபடி விற்க ஆரம்பித்தது. விதிப்புத்தகம் முந்நூறு பக்கத்துக்கு மேல். புள்ளிக்கணக்கு ஜம்மென்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தவர்கள் எட்டரை வருஷத் தூசியைத் தட்டினார்கள். சதுரப் பீடமும் திரும்பி வந்தது. ஆனால் பல வீரர்களுக்கு முன்பு இருபது மில்லிமீட்டராக இருந்த சதுரம் இப்போது இருபத்தைந்து. பழைய பீடத்திலிருந்து பெயர்த்துப் புதியதில் ஒட்டுவதா, அல்லது அஞ்சு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு தட்டு செய்து அதில் நிறுத்துவதா என்று கத்தியும் பசையுமாக உட்கார்ந்துகொண்டு, அதே பெருசுகள், ரொம்ப சந்தோஷமாக, மறுபடியும் சண்டை போட ஆரம்பித்தார்கள்.